மரியன்டால்: ஓர் ஊரே வேலையிழந்தபோது

ஒரு வருஷத்துக்கு மேல் வேலையில்லாமல் இருக்கும் ஒருவரைப் பற்றிச் சுற்றியிருப்பவர்கள் பேசுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மனசு வைத்தால் கிடைக்காமலா போகும், கௌரவம் பார்க்கிறார், உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிவிட்டது, உதவித்தொகை வருகிற வரைக்கும் இப்படித்தான் இருப்பார். பேசுபவர்கள் பொய் சொல்வதில்லை, கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறார்கள். அவர் லேட்டாக எழுகிறார், பாதி நாள் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை, புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, நேர்காணலுக்குப் போனாலும் முகத்தில் களையில்லை. எல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தளர்ச்சியால்தான் வேலை கிடைக்கவில்லையா, அல்லது வேலை இல்லாமல் கிடந்ததில் அந்தத் தளர்ச்சி வந்ததா என்பதைத் தனி ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், கெட்டிக்காரர், மந்தமானவர் என்ற பேதமில்லாமல், யாருடைய குணத்தாலும் இல்லாமல், ஒரே சமயத்தில் எல்லோருக்கும் வேலை போன ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் இருந்தது. ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குத் தென்கிழக்கே, கிராமட்நாய்சீடல் என்ற ஊரைச் சேர்ந்த மரியன்டால் மில் குடியிருப்பு. அங்கே மக்கள் என்ன ஆனார்கள் என்பதை 1931-32-ல் ஓர் ஆராய்ச்சிக் குழு வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தது. ஏறத்தாழ 90 வருஷம் கழித்து அதே ஊரில் இன்னொரு சோதனை நடந்தது, இந்தத் தடவை வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால் மேலே கேட்ட கேள்விக்கு என்னால் தயக்கமில்லாமல் பதில் சொல்ல முடிகிறது: தளர்ச்சி பின்னால் வந்தது.

மில் நின்றது

1830 வாக்கில் ஹெர்மன் டொடெஸ்கோ என்ற தொழிலதிபர் அங்கே ஒரு நூற்பாலையைத் தொடங்கினார். அப்புறம் நெசவு, வெளுப்பு, துணியில் அச்சடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது, வேலையாட்களுக்கு வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள் எழுந்தன, அதைச் சுற்றி ஓர் ஊரே உருவானது. பாட்டன், மகன், பேரன் என்று அதே மில்லில் வேலை பார்த்த குடும்பங்கள். வேறு தொழில் என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

1929 ஜூலையில் நூற்பு நின்றது, ஆகஸ்டில் அச்சு, செப்டம்பரில் வெளுப்பு. 1930 பிப்ரவரியில் தறிகளும் நின்றன. மில்லைத் திரும்பத் திறக்கும் பேச்சு இல்லை என்பது சீக்கிரமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது, ஏனென்றால் கட்டடங்களை இடிக்க ஆரம்பித்தார்கள். வீட்டு ஜன்னலில் நின்றால் தாங்கள் வேலை பார்த்த இடம் இடிபாடாகக் கிடப்பது தெரியும். அப்போது ஊரில் 478 குடும்பங்கள், 1,486 பேர். ஆராய்ச்சிக் குழு போய்ச் சேர்ந்தபோது ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வீடுகளில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் ஒருவர்கூட இல்லை.

அரசு உதவித்தொகை இருந்தது. அதன் அளவு முன்பு வாங்கிய சம்பளத்தையும் குடும்பத்தையும் பொறுத்தது, 20 முதல் 30 வாரம் வரை கிடைக்கும். அது முடிந்தால் அவசர உதவி என்று இன்னும் குறைந்த தொகை, அதற்கும் ஒரு கெடு. அதுவும் தீர்ந்தால் ஒன்றுமில்லை. அப்படிக் கெடு முடிந்து கைவிடப்பட்டவர்கள் ஊரில் ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே போனார்கள்.

உதவித்தொகையோடு வந்த விதிகளை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேலையில்லாதவர்களைப் பற்றிய சந்தேகம் சட்டமாக எழுதப்பட்டால் எப்படியிருக்கும் என்பதை அவை காட்டுகின்றன. உதவி வாங்குபவர் எந்தச் சில்லறை வேலை பார்த்தாலும் தொகை நின்றுவிடும். விறகு கிடைக்கும் என்று மரம் வெட்ட உதவிய ஒருவருக்கு நின்றது. வீடுகளுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்து, கூலியாகப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பால் வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு நின்றது. மவுத் ஆர்கன் வாசித்து நாலு காசு பார்த்தவருக்கும் நின்றது. சும்மா இருக்கிறார்களே என்று குறை சொல்கிற அதே சமூகம், கையை அசைத்தால் தண்டித்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஆராய்ச்சிக்குப் போனவர்கள்

வியன்னாவில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற இளம் ஆய்வாளர் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராயலாம் என நினைத்திருந்தார். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பாவரிடம் போய்க் கேட்டபோது, இத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கும் காலத்தில் ஓய்வைப் பற்றியா ஆராய்வது, வேலையின்மையை ஆராயுங்கள் என்றார் அவர். மரியன்டாலைச் சுட்டிக்காட்டியவரும் அவரே. லாசர்ஸ்ஃபெல்ட், மாரி யஹோடா, ஹான்ஸ் ஸைசல் மூவரும் முன்னின்று நடத்தினார்கள். லோட்டே டான்சிங்கர் என்ற உளவியலாளர் சில வாரம் அந்த ஊரிலேயே தங்கிப் பெரும்பகுதி விவரங்களைத் திரட்டினார்.

அவர்கள் தங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்தது: வெறுமனே வேடிக்கை பார்க்க யாரும் ஊருக்குள் போகக் கூடாது, போகிற ஒவ்வொருவரும் ஊருக்கு உபயோகமான ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும். அதனால் வியன்னாவில் பழைய துணிகள் சேகரித்து வந்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள், இலவசமாக மருத்துவம் பார்த்தார்கள், துணி வெட்டித் தைக்கும் வகுப்பும் உடற்பயிற்சி வகுப்பும் நடத்தினார்கள். யாருக்கு என்ன உடை வேண்டும் என்று கேட்கப் போகும்போதே அந்த வீடு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பதிவுத் தாள், வாழ்க்கைக் கதைகள், ஒரு வாரம் என்ன சாப்பிட்டார்கள் என்ற குறிப்பு, ஒரு நாளை மணிவாரியாக எழுதித் தந்த தாள், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள், நூலகக் கணக்கு, கடைக் கணக்கு என்று சேர்ந்த காகிதம் கிலோக் கணக்கில் இருந்தது.

1933-ல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் இது புத்தகமாக வந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருஷம் அது, ஆசிரியர்களின் பெயர்கள் யூதப் பெயர்கள் என்பதால் அட்டையில் போடப்படவே இல்லை. மூன்று பேருமே பின்னாளில் ஆஸ்திரியாவை விட்டுப் போக வேண்டி வந்தது. யஹோடா 1936-ல் கைது செய்யப்பட்டு, நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையில் 1937-ல் விடுதலையாகி இங்கிலாந்து போனார். பின்னாளிலும் இதே விஷயத்துக்குத் திரும்பி வந்து எழுதினார்.

நேரம் இருந்தது, எதுவும் நடக்கவில்லை

வேலை போனால் நேரம் நிறைய கிடைக்கும், படிக்கலாம், சங்கத்தில் வேலை செய்யலாம், அரசியலில் ஈடுபடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஊரில் தொழிலாளர் நூலகம் ஒன்று இருந்தது, மில் மூடிய பிறகு சந்தாவையும் ரத்து செய்துவிட்டார்கள். இருந்தும் 1929-க்கும் 1931-க்கும் இடையில் ஜனங்கள் எடுத்துப் போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆர்பைட்டர் சைட்டுங் என்ற கட்சி நாளிதழை வாங்குவோர் 1927-லிருந்து 1930-க்குள் 60 சதவீதம் குறைந்தார்கள், வேலையில்லாதவர்களுக்குச் சலுகை விலை இருந்தும்கூட. பொழுதுபோக்குச் செய்திகள் அதிகமுள்ள இன்னொரு பத்திரிகைக்கு அந்த அளவுக்கு வீழ்ச்சியில்லை. ஒரு காலத்தில் அழகாக இருந்த பூங்காவில் பாதையெல்லாம் களை மண்டிக் கிடந்தது, ஊரில் கை சும்மா இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தும் அதைச் சீர்செய்ய யாரும் முன்வரவில்லை.

ஆய்வாளர்களில் ஒருவர் யார் கண்ணிலும் படாமல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஊரின் பிரதான தெருவைக் கவனித்தார். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் அந்தத் தெருவைக் கடப்பதற்குள் குறைந்தது இரண்டு தடவை நின்றார்கள். எங்காவது ஒரு சுவரில் சாய்ந்து நிற்பது, தாண்டிப் போகும் வண்டியைத் திரும்பிப் பார்ப்பது, அப்புறம் கொஞ்சம் நடப்பது. போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாதவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். வெளியூரிலிருந்து வந்து அந்தத் தெருவில் ஐந்து நிமிஷம் நின்ற யாரும் "சோம்பேறிப் பயல்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு வருஷம் முன்னால் இதே கால்கள் மணிக்கணக்கில் தறிக்கு முன்னால் நின்றன என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மணிவாரியாக எழுதித் தந்த தாள்களில் ஒன்று இந்த ஆய்வைப் படித்த யாருக்கும் மறக்காது. எழுதியவர் முப்பதுகளில் இருந்த ஒரு குடும்பஸ்தர். காலையில் எழுந்ததை எழுதுகிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பிவிட்டதை எழுதுகிறார், அவர்கள் போன பிறகு கொட்டகைக்குப் போய் விறகு எடுத்து வந்து தண்ணீர் கொண்டுவந்ததை எழுதுகிறார். திரும்பி வந்தால் மனைவி இன்றைக்கு என்ன சமைப்பது என்று கேட்பார், அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க வயல் பக்கம் போய்விடுகிறேன் என்கிறார். அதற்கடுத்த கட்டத்தில், அப்படியே மதியமாகிவிடுகிறது என்று மட்டும் இருக்கிறது. பதினொரு மணிக் கட்டம் காலி. பிற்பகலும் கிட்டத்தட்ட இப்படித்தான். இதில் என்னை நிறுத்துவது காலிக் கட்டத்தைவிட அந்தச் சமையல் கேள்விதான். வீட்டில் ஒன்றுமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டாமே என்று ஒருவர் வயலுக்கு நடக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இதைப் பார்த்தால், காலங்காத்தாலே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான் என்றுதான் சொல்லியிருப்பார்.

பெண்களின் தாள்கள் வேறு மாதிரி இருந்தன. சமையல், துவைப்பு, பிள்ளைகள், கிழிந்ததைத் தைப்பது, தைத்ததை மறுபடி தைப்பது என்று கட்டங்கள் நிரம்பி வழிந்தன. அவர்களுக்குப் போனது சம்பளம், வேலை போகவில்லை. மில்லில் இருந்த காலத்தில் வீட்டு வேலையை ராத்திரி வெகு நேரம் வரை செய்து முடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு கஷ்டம். இருந்தும் மறுபடி மில்லுக்குப் போக முடிந்தால் அதுதான் சந்தோஷம் என்று பலர் சொன்னார்கள், பணத்துக்காக மட்டும் இல்லை என்றும் சொன்னார்கள். நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடப்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. ஆண்களும் பெண்களும் ஒரே வீட்டில் இருந்தும் நேரம் இரண்டு விதமாக ஓடியது, மதியச் சாப்பாட்டுக்கு ஆண்கள் நேரத்துக்கு வருவதில்லை என்பதே பல வீடுகளில் சண்டைக்குக் காரணம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த மதிப்பு போனது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உதவித்தொகை தரும் நாள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு வீட்டில் சமைப்பதும் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப் போவதும் வேறு, அதற்கு முந்தின நாள் வேறு. சர்க்கரை வாங்க முடியாமல் சாக்கரின் என்ற செயற்கை இனிப்புக்கு மாறினார்கள். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இறைச்சி வாரத்தில் ஒரு நாள்தான், அதிலும் பெரும்பாலும் குதிரை இறைச்சி. பூனையோ நாயோ காணாமல் போனால் உரிமையாளர் புகார் கொடுப்பதைக்கூட விட்டுவிட்டார், என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பிள்ளைகளிடமும் இது இறங்கியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னபோது சுற்றுவட்டார ஊர்ப் பிள்ளைகள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குத்தான் மரியன்டால் பிள்ளைகள் கேட்டார்கள், அதையும் அப்பா அம்மாவிடம் பணம் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தே பலர் எழுதினார்கள். பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் விமானியாக, நீர்மூழ்கிக் கப்பல் தலைவனாக, செவ்விந்தியத் தலைவனாக, மெக்கானிக்காக ஆசை என்று அடுக்கிவிட்டு, ஆனால் நல்ல வேலை கிடைப்பது ரொம்பக் கஷ்டமாயிருக்கும் என்று பயமாக இருக்கிறது என எழுதினான். அவன் வேலைக்கே போகாதவன், அவனைச் சோம்பேறி என்று சொல்ல யாராலும் முடியாது.

நான்கு விதமான வீடுகள்

குழு நெருங்கிப் போய்ப் பார்த்த, கஷ்டம் அதிகமிருந்த நூறு குடும்பங்களை நாலு விதமாகப் பிரித்தார்கள். தளராதவர்கள் 16: வீடு ஒழுங்காக இருக்கிறது, நாளையைப் பற்றித் திட்டம் இருக்கிறது, வேலை தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆசைகளைச் சுருக்கிக்கொண்டு அமைந்துவிட்டவர்கள் 48: வீடும் பிள்ளைகளும் சரியாகத்தான் இருப்பார்கள், ஆனால் எதிர்காலம் என்று ஒன்றைப் பேசவே மாட்டார்கள். மனமுடைந்தவர்கள் 11: வீட்டை இன்னும் விட்டுவிடவில்லை, ஆனால் நம்பிக்கை போய்விட்டது, பழைய நல்ல காலத்தையே பேசிக்கொண்டிருப்பார்கள். எல்லாவற்றையும் கைவிட்டவர்கள் 25: வீடும் பிள்ளைகளும் கவனிப்பாரில்லாமல் கிடப்பார்கள், கையில் காசு வந்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும், குடியும் சண்டையும் உண்டு. ஊர் முழுக்கக் கணக்கெடுத்தால் இந்தக் கடைசி இரண்டு வகை இவ்வளவு இல்லை, அமைந்துவிட்டவர்களே பெரும்பாலோர்.

இதுவரைக்கும் படிக்கிற ஒருவர், பார்த்தீர்களா, குணம்தானே வித்தியாசம், அதே கஷ்டத்தில் சிலர் நிமிர்ந்து நிற்கவில்லையா என்று கேட்கலாம். அங்கேதான் அவர்கள் இன்னொரு கணக்கைப் போட்டார்கள். வீட்டில் ஒரு பெரியவருக்கு மாதம் எவ்வளவு வருமானம் வருகிறது என்று சராசரி பார்த்தார்கள். தளராதவர்கள் வீட்டில் 34 ஷில்லிங் (அன்றைய ஆஸ்திரிய நாணயம்). அமைந்துவிட்டவர்கள் 30. மனமுடைந்தவர்கள் 25. கைவிட்டவர்கள் 19.

படிப்படியாக இறங்கும் வரிசை இது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே நாலு முதல் ஆறு, சராசரியாக ஐந்து ஷில்லிங்தான். அந்த ஐந்து ஷில்லிங் என்பது சர்க்கரைக்கும் சாக்கரினுக்கும் உள்ள வித்தியாசம், பிள்ளையின் ஷூவைத் தைத்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் ஷூ இல்லை என்று வீட்டிலேயே நிறுத்தி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம், எப்போதாவது ஒரு சிகரெட் வாங்குவதற்கும் தெருவில் கிடக்கும் துண்டைப் பொறுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் என்று அவர்கள் எழுதினார்கள். உதவித்தொகையின் கெடு ஒவ்வொன்றாக முடிய முடிய, இருக்கிற உடுப்பு கிழியக் கிழிய, இன்று மேல் படியில் இருக்கிற குடும்பம் நாளைக்குக் கீழே இறங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. குணத்துக்குப் பங்கே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. முன்பு நன்றாக வாழ்ந்தவர்களில் சிலர் அதிக நாள் தாக்குப்பிடித்தார்கள், சிலர் எல்லோரையும்விட மோசமாக உடைந்தார்கள். ஆனால் ஊரை மொத்தமாகப் பார்த்தால் நம்பிக்கையின் அளவு கையிலிருந்த காசின் அளவோடு சேர்ந்தே இறங்கியது.

இவ்வளவு இல்லாமையிலும் தோட்டத் துண்டுகளில் உருளைக்கிழங்குக்கு நடுவே பூச்செடி வைத்தவர்கள் இருந்தார்கள். சாப்பாட்டை மட்டும் வைத்து வாழ முடியாதே என்றார்கள். பொறுப்பில்லாத செலவு என்று இதைக் கணக்கெழுதுகிற அதிகாரி எழுதுவார். எனக்கு அப்படி எழுத மனசு வராது.

ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தது

வேலையில் இருப்பவர்கள் இல்லாதவர்களைக் குறை சொல்வது ஒரு பக்கம். மரியன்டாலில் அந்தப் பார்வை வேலையில்லாதவர்களுக்குள்ளேயே புகுந்தது. இன்னார் உதவித்தொகை வாங்கிக்கொண்டே மறைவாக வேலை பார்க்கிறார் என்று பேர் போடாமல் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதுவது மில் மூடிய பிறகு வெகுவாகப் பெருகியது. விசாரித்தபோது உண்மையென்று தேறியவை அந்த அளவுக்குப் பெருகவில்லை, பொய்ப் புகார்கள்தான் குவிந்தன. அதாவது ஏமாற்றுபவர்கள் கூடியதாகத் தெரியவில்லை, ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம்தான் கூடியது. ஒரே தெரு, ஒரே மில், சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து வேலை போனவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சோம்பேறி இல்லை என்பது மற்ற யாரையும்விட இவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கே இந்தச் சந்தேகம் வந்தது என்றால், தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கும் சந்தேகத்துக்கு ஆதாரம் தேவையே இல்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். விதி அதற்கு இடம் கொடுத்தது: விறகுக்காக மரம் வெட்டுவதைக் குற்றமாக்கியதால்தான் விறகோடு வருகிற அண்டை வீட்டுக்காரர் குற்றவாளியாகத் தெரிந்தார்.

இன்னொரு தப்பான எதிர்பார்ப்பும் அங்கே உடைந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் மக்களைக் கொதித்தெழ வைக்கும் என்று இடதுசாரிகளில் பலர் நம்பினார்கள், மற்றவர்கள் அதையே பயந்தார்கள். மரியன்டாலில் கட்சி உறுப்பினர்கள் குறைந்தார்கள், கூட்டங்களுக்கு வருவோர் குறைந்தார்கள், எதிரெதிர்க் கட்சிக்காரர்களின் பகைகூட மந்தமாகிவிட்டது. சோர்ந்த ஊர் என்றுதான் ஆய்வாளர்கள் அதை விவரித்தார்கள்.

இந்த ஆய்வு எங்கே நிற்கும், எங்கே நிற்காது

ஒரே ஊர், மில் மூடுவதற்கு முன்னால் எடுத்த அளவு (நூலகம், பத்திரிகைக் கணக்கு மாதிரி சில தவிர) கையில் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊரும் (பிள்ளைகளின் விருப்பப் பட்டியல் மாதிரி ஒன்றிரண்டு தவிர) இல்லை. இவை நியாயமான குறைகள். யஹோடா பின்னாளில் இதிலிருந்து ஒரு கொள்கையை வளர்த்தார்: வேலை சம்பளத்தோடு சேர்த்து, நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், தினமும் ஒரு செயல்பாடு ஆகியவற்றையும் தருகிறது, வேலை போனால் இவையும் சேர்ந்து போகின்றன. டேவிட் ஃப்ரையர் என்ற உளவியலாளர் 1980-களில் இதை மறுத்தார். மனிதர்கள் தாங்களே திட்டமிட்டு வாழத் தெரிந்தவர்கள், வறுமையும் நாளை என்ன ஆகும் என்று தெரியாததும்தான் அவர்களின் கையைக் கட்டிப்போடுகிறது என்றார். 34, 30, 25, 19 என்ற வரிசையைப் பார்த்தால் ஃப்ரையர் சொல்வதிலும் நிறைய உண்மை இருக்கிறது. இரண்டில் எது அதிகம் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, இரண்டு பேரும் சோம்பலைக் காரணமாகச் சொல்லவில்லை.

காரணம் எது, விளைவு எது என்ற கேள்விக்குப் பெரிய அளவில் வந்த பதிலும் உண்டு. கார்ஸ்டன் பால், க்ளாவுஸ் மோசர் இருவரும் 2009-ல் முந்தைய முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். மனநலப் பிரச்சினை உள்ளவர்கள் வேலையில் இருப்போரில் 16 சதவீதம், வேலையில்லாதோரில் 34 சதவீதம். ஒரே ஆட்களைப் பல காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், வேலை போனதும் மனநிலை சரிகிறது, வேலை கிடைத்ததும் தேறுகிறது. மனச்சோர்வு இருப்பவர்களுக்கு வேலை போகும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதும் தெரிந்தது, ஆனால் அந்தத் தொடர்பு சிறியது.

வேலை கொடுப்பவர்களின் பார்வையும் இதில் சேர்கிறது. அமெரிக்காவில் க்ரோஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் நூறு நகரங்களில் சுமார் 3,000 வேலை விளம்பரங்களுக்குக் கற்பனையான விண்ணப்பங்களை அனுப்பி, 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எத்தனை மாதம் வேலையில்லை என்பதைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றிப் போட்டார்கள், அதனால் அந்த மாதக் கணக்குக்கும் விண்ணப்பதாரரின் தகுதிக்கும் சம்பந்தமே கிடையாது. அப்படியும் மாதம் கூடக்கூட அழைப்பு குறைந்தது, அதிலும் முதல் எட்டு மாதத்துக்குள்ளேயே பெரும்பகுதி வீழ்ச்சி முடிந்துவிட்டது. இங்கே தளர்ந்த நடையை யாரும் பார்க்கவில்லை, களையிழந்த முகத்தை யாரும் பார்க்கவில்லை. காகிதத்தில் இருந்த இடைவெளி மட்டுமே போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் அந்த ஆள் விண்ணப்பம் போடுவதைக் குறைத்துக்கொண்டால், தேடுவதில்லை பாருங்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

மறுபடியும் மரியன்டால், 2020

2020 அக்டோபரில் கீழ் ஆஸ்திரிய மாநில வேலைவாய்ப்புத் துறை கிராமட்நாய்சீடலில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 12 மாதம் அல்லது அதற்கு மேல் வேலையில்லாமல் இருக்கும் அந்த ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் வேலை உறுதி. முதலில் சில வாரப் பயிற்சி, அப்புறம் ஒன்று, அரசு சம்பள மானியம் தரும் தனியார் வேலை, இல்லாவிட்டால் இதற்கென்றே உருவாக்கிய வேலை: தச்சு, தோட்டம், பராமரிப்பு என்று ஊருக்குத் தேவையானது. சம்பளம் தொழிற்சங்க ஒப்பந்தப்படி. முக்கியமானது, கட்டாயம் கிடையாது. மறுத்தாலும் உதவித்தொகை நிற்காது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாக்ஸிமிலியன் காசி, லூகாஸ் லேனர் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். 62 பேரை ஒருவருக்கொருவர் ஒத்த ஜோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் முன்னால், மற்றவர் சில மாதம் கழித்து என்று குலுக்கல் முறையில் சேர்த்தார்கள். வேறு ஊர்களில் இதே நிலையில் இருந்தவர்களோடும் ஒப்பிட்டார்கள். 1931-ல் இல்லாத ஒப்பீடு இந்தத் தடவை இருந்தது.

வாய்ப்பு கிடைத்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். வருமானமும் பாதுகாப்பும் கூடியது எதிர்பார்த்ததுதான். அதோடு நாளுக்கு ஓர் ஒழுங்கு, மனிதர்களோடு பழக்கம், சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம், சமூகத்தில் தனக்கு ஓர் இடம் என்று யஹோடா பட்டியலிட்டவை எல்லாம் தெளிவாக மேலே ஏறின. ஊரில் நீண்டகால வேலையின்மை ஏறக்குறைய இல்லாமலே போனது. உடல்நலத்தில் மாற்றம் தெரியவில்லை. ரிஸ்க் எடுக்கிற மனப்பான்மை, இன்றைக்கா நாளைக்கா என்று பார்க்கிற பொறுமை மாதிரி ஒருவரின் அடிப்படைச் சுபாவத்தைக் காட்டும் அளவுகளிலும் மாற்றமில்லை.

இந்தக் கடைசி முடிவைத்தான் நான் மறுபடி மறுபடி படித்தேன். ஆட்கள் மாறவில்லை. அதே பொறுமை, அதே துணிச்சல், அதே உடம்பு. வருஷக்கணக்கில் சும்மா இருந்தவர்கள் என்று பேர் வாங்கியவர்கள், வேலை என்று ஒன்று வந்ததும் காலையில் எழுந்து போனார்கள்.

செலவு அதிகம் என்பார்கள். ஒருவருக்கு வருஷத்துக்குச் சுமார் 30,000 யூரோ ஆனது. அதே ஆள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாலும் உதவித்தொகை, காப்பீடு, வராமல் போகும் வரி எல்லாம் சேர்த்து அரசுக்கு ஏறக்குறைய அதே தொகை ஆகிறது. திட்டம் 2024-ல் முடிந்தது, நாடு முழுவதற்குமான உத்தரவாதமாக அது விரியவில்லை.